ஆர்.வி.க்கு எடுத்துச் செல்லும் சோலார் பேனலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிஃபோர்னியா எல்லைக்குச் சற்றுக் கிழக்கே, குவார்ட்சைட் என்றொரு சிறிய பாலைவன ஊர் இருக்கிறது. குளிர்காலம் தொடங்கியதும் வடக்கு மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆர்.வி. எனப்படும் குடியிருப்பு வண்டிகள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து சேர்கின்றன. ஊருக்குத் தெற்கே உள்ள லா போசா நிலப்பரப்பில், கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறை செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை மாதக்கணக்கில் தங்குவதற்கு அனுமதிச்சீட்டு வழங்குகிறது. அத்துறையின் மற்றப் பொது நிலங்களில் பொதுவாக 14 நாள் வரை தங்கலாம். அங்கெல்லாம் வண்டி நிற்கும் இடத்தில் மின்னிணைப்பு இருக்காது. தண்ணீரையும் மின்சாரத்தையும் அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அத்தகைய இடத்தில் முதன்முறையாகத் தங்கப் போகிறவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். ஜெனரேட்டர் கைவசம் இருந்தாலும், அதன் இரைச்சல் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை. எரிபொருள் செலவும் உண்டு. பல முகாம்களில் அதை ஓட்டக் குறிப்பிட்ட நேரம் மட்டுமே அனுமதிக்கிறார்கள். ஆகவே பெரும்பாலோர் சோலாரை நாடுகின்றனர். கடையில் நுழைந்ததும் “எத்தனை வாட் பேனல் வேண்டும்?” என்றுதான் முதலில் கேட்பார்கள். என் கருத்தில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. அன்றாடத் தேவை, பேட்டரி, தங்கப்போகும் இடத்து வெயில், இடையில் ஓடும் கம்பி ஆகியவை தெளிவாகிவிட்டால் வாட் எண்ணிக்கை தானாகவே கிடைத்துவிடும். இவற்றைப் பார்க்காமல் பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் பார்த்து வாங்குபவர்கள்தாம் பிறகு இருட்டில் உட்கார நேர்கிறது.

கூரையில் பொருத்தாமல் தரையில் வைப்பதால் என்ன பயன்?

குவார்ட்சைட் ஏறத்தாழ 33.7 பாகை வட அட்சரேகையில் உள்ளது. டிசம்பர் மாதக் கடைசியில் நடுப்பகலில்கூட அங்கே சூரியன் தெற்கு அடிவானத்திலிருந்து 33 பாகை உயரத்துக்கு மேல் ஏறுவதில்லை. கூரையில் படுத்த வாக்கில் கிடக்கும் பேனலின் மேல் அந்த ஒளி சாய்வாக விழுவதால், நேரடி ஒளியில் பாதிக்குச் சற்று அதிகமான பங்கே அதற்குக் கிடைக்கிறது. அதே பேனலைத் தரையில் 57 பாகை சாய்த்துத் தெற்கு நோக்கி நிறுத்தினால் ஒளி செங்குத்தாக விழும். ஒரே பேனல், ஒரே வெயில். சாய்வு மட்டும் மாறியதால் நடுப்பகல் உற்பத்தி ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் உயர்கிறது. குளிர்காலப் பயணிகள் தரையில் வைக்கும் பேனலை விரும்புவதற்கு இதுவே முதல் காரணம்.

கோடையில் காரணம் வேறு. அப்போது சூரியன் உச்சிக்கு அருகில் வந்துவிடுவதால் கூரைப் பேனலுக்கும் போதிய ஒளி கிடைக்கும்; ஆனால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் மனிதர் இருக்க முடியாது. வண்டியை மரநிழலில் நிறுத்திவிட்டு, பேனலை மட்டும் பத்து மீட்டர் தள்ளி வெயிலில் வைக்க முடிவது பெரிய வசதி. வாடகை வண்டியில் செல்வோருக்கும், கூரையில் துளையிடத் தயங்குவோருக்கும் இதைத் தவிர வேறு வழியும் இல்லை.

இதற்கு ஈடாக நாம் கொடுப்பது உழைப்பு. தினமும் எடுத்து வைக்க வேண்டும், திருப்ப வேண்டும், காற்றடித்தால் மடக்க வேண்டும், கிளம்பும்போது உள்ளே ஏற்ற வேண்டும். வண்டி ஓடும் நேரத்தில் தரைப் பேனலால் ஒரு வாட்கூடக் கிடைக்காது. இரவுக்கு ஓரிடம் என்று ஓடிக்கொண்டே இருப்பவர்களுக்குக் கூரைப் பேனலே ஏற்றது. ஓரிடத்தில் நான்கைந்து நாளாவது தங்குகிறவர்களுக்குத்தான் தரைப் பேனலின் அருமை தெரியும்.

முதல் படி: ஒரு நாள் தேவையைக் கணக்கிடுங்கள்

மின்சாரத் தேவையை வாட்-மணியில் கணக்கிட வேண்டும். ஒரு கருவியின் வாட் அளவை அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். நம் வீட்டு மின்கட்டண அட்டையில் ஒரு யூனிட் என்று குறிக்கப்படுவது 1000 வாட்-மணிதான் என்பதை நினைவில் வைத்தால் அளவு பிடிபடும்.

ஜனவரி மாதத்தில் இருவர் ஒரு சிறிய இழுவை ஆர்.வி.யில் தங்குவதாக வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரசர் குளிர்பெட்டி குளிர்காலத்தில் நாளொன்றுக்கு 400 வாட்-மணி அளவில் எடுக்கும். வெப்பமூட்டும் அடுப்பு புரொப்பேன் வாயுவில் எரிந்தாலும் அதன் காற்றாடிக்கு மின்சாரம் வேண்டும்; 60 வாட் வீதம் இரவில் மொத்தம் 4 மணி நேரம் ஓடினால் 240 ஆகிறது. எல்.இ.டி. விளக்குகளுக்கு 100, தண்ணீர்ப் பம்புக்கு 20, கைபேசிகளுக்கு 30, மூன்று மணி நேர மடிக்கணினி வேலைக்கு 150. இவற்றோடு வாயுக்கசிவு எச்சரிக்கைக் கருவி, கட்டுப்பாட்டுப் பலகைகள் போன்று எந்நேரமும் சத்தமின்றி மின்சாரம் குடிப்பவற்றையும் சேர்க்க வேண்டும். அவை 5 வாட் மட்டுமே எடுத்தாலும் 24 மணி நேரத்தில் 120 ஆகிவிடும். மொத்தம் 1060 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டுக்குச் சற்று மேல்.

புதியவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது அந்தக் காற்றாடியைத்தான். வாயு அடுப்புதானே, மின்சாரம் எதற்கு என்று எண்ணிவிடுகிறார்கள். குளிர்ந்த இரவில் பேட்டரியை முதலில் காலி செய்வது அதுவே. செயற்கைக்கோள் இணையக் கருவி வைத்திருப்பவர்கள் அதையும் கவனமாகச் சேர்க்க வேண்டும். 50 முதல் 75 வாட் வரை எடுக்கும் கருவியை நாள் முழுதும் விட்டுவைத்தால் மேலே சொன்ன மொத்தத் தேவையை அது ஒன்றே தாண்டிவிடும். கூரையில் உள்ள குளிர்சாதனக் கருவியை இந்தக் கணக்கில் கொண்டுவர வேண்டாம். அது ஓடும்போது 1300 வாட்டுக்கு மேல் எடுக்கக்கூடியது. கையால் தூக்கி வைக்கும் பேனல்களால் அதை நாள் முழுதும் ஓட்டும் எண்ணம் நடைமுறைக்கு ஒத்துவராது.

பேட்டரி எவ்வளவு தாங்கும்?

பேனல் பகலில் கொடுப்பதை இரவுக்காகச் சேர்த்து வைப்பது பேட்டரி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரியில் 1200 வாட்-மணி அடங்கும் என்றாலும், அதில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் விரைவாகக் குறையும். ஆக 600 மட்டுமே நம் கைக்கு வரும். அதே அளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் ஏறத்தாழ 1280 வாட்-மணி இருக்கும். அதில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். மேற்கண்ட இருவருக்கு ஒரு லித்தியம் பேட்டரி போதும். ஈய அமிலம் என்றால் இரண்டு வேண்டும்.

ஈய அமில பேட்டரியை வாரக்கணக்கில் அரைகுறையாகவே சார்ஜ் செய்துகொண்டிருந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து கொள்ளளவு குறைந்துவிடும். ஆகவே அத்தகைய பேட்டரி உள்ளவர்கள் பேனலின் அளவில் சிக்கனம் பார்க்கக் கூடாது. லித்தியத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் அதை 0 பாகை செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. குவார்ட்சைட்டில் இது அரிதாகவே எழும் சிக்கல் என்றாலும், அதே மாநிலத்தில் 2100 மீட்டர் உயரத்தில் உள்ள ஃபிளாக்ஸ்டாஃபில் குளிர்காலக் காலைகளில் நிச்சயம் எழும். குளிரில் சார்ஜாவதைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு உங்கள் பேட்டரிக்குள் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

வெயில் மணியிலிருந்து வாட்டுக்கு

பகல் பத்து மணி நேரம் நீடித்தாலும் பேனல் பத்து மணி நேரமும் முழு வேகத்தில் வேலை செய்வதில்லை. காலை மாலை மங்கலான ஒளியையும் சேர்த்து, முழு வெயிலாக மாற்றினால் எத்தனை மணி நேரம் தேறும் என்பதையே வெயில் மணி என்கிறோம். தென்மேற்கு அரிசோனாவில் குளிர்காலத்தில் படுத்த பேனலுக்கு ஏறத்தாழ 3 வெயில் மணியும், சரியாகச் சாய்த்த பேனலுக்கு ஏறத்தாழ 5 வெயில் மணியும் கிடைக்கும். வடமேற்கில் சியாட்டில் போன்ற மேகமூட்டப் பகுதியில் டிசம்பரில் இதில் சிறு பங்குதான் தேறும்.

வெப்பம், தூசி, கம்பியில் ஏற்படும் இழப்பு, பேட்டரிக்குள் ஏற்படும் இழப்பு என எல்லாவற்றையும் கழித்தால் அச்சிட்ட வாட்டில் 70 விழுக்காடு கைக்கு வரும் என்று கொள்வது பாதுகாப்பானது. இப்போது 1060 வாட்-மணியை 5ஆல் வகுத்து, பிறகு 0.7ஆல் வகுத்தால் ஏறத்தாழ 300 வாட் என்று விடை வரும். இது வானம் தெளிவாக உள்ள நாளுக்கான குறைந்தபட்ச அளவு. இடையிடையே வரும் மேகமூட்ட நாளை ஈடுகட்ட 400 வாட் இருந்தால் மனநிம்மதி உண்டு.

கூரையில் ஏற்கெனவே 200 வாட் இருக்கிறது என்றால் அதைத் தரைப் பேனலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குளிர்காலத்தில் படுத்த கூரைப் பேனல் 200, 3, 0.7 ஆகியவற்றின் பெருக்கலாக 420 வாட்-மணி தரும். அதே 200 வாட் தரையில் சாய்ந்து நின்றால் 700 தரும். இரண்டும் சேர்ந்தால் 1120. நம் எடுத்துக்காட்டின் தேவை சரியாக நிறைவேறுகிறது. கூரையில் பேனல் உள்ள வண்டிகளுக்கு 200 வாட் தரைப் பேனலை நான் பரிந்துரைப்பதற்கு இந்தக் கணக்கே அடிப்படை.

மூன்று வகைப் பேனல்கள்

கண்ணாடி மூடிய, அலுமினியச் சட்டமிட்ட தனிப் பேனல் முதல் வகை. 100 வாட்டுக்கு 6 அல்லது 7 கிலோ எடை இருக்கும். வாட் கணக்கில் பார்த்தால் மிகவும் மலிவு. நீண்ட நாள் உழைக்கும். பலவற்றுக்கு 25 ஆண்டு உற்பத்தி உறுதிகூடத் தருகிறார்கள். கால்களை நாமே செய்து பொருத்த வேண்டும், பயணத்தின்போது கண்ணாடி உடையாமல் பாதுகாத்து அடுக்கவும் வேண்டும்.

இரண்டாவது, சூட்கேஸ் பேனல். இரண்டு கண்ணாடிப் பேனல்களைக் கீலால் இணைத்து, கால்களும் கைப்பிடியும் உறையும் சேர்த்து விற்கிறார்கள். 200 வாட் சூட்கேஸ் 15 கிலோவுக்கு மேல் கனக்கும். காற்றில் எளிதில் கவிழாது. சாய்வை மாற்றுவதும் சுலபம். மாதக்கணக்கில் ஓரிடத்தில் தங்குகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் துணிபு.

மூன்றாவது, துணியில் தைத்த மடிப்புப் பேனல். 200 வாட் பேனலே பெரும்பாலும் 10 கிலோவுக்குள் அடங்கிவிடும். மடித்தால் இருக்கைக்கு அடியில் செருகிவிடலாம். விலை கண்ணாடிப் பேனலைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். உறுதிக்காலமோ பெரும்பாலும் சில ஆண்டுகள்தான். இவ்வகையில் மேற்பூச்சைக் கவனித்து வாங்க வேண்டும். இ.டி.எஃப்.இ. என்ற படலம் வெயிலை நன்கு தாங்கும், மலிவான பி.இ.டி. படலம் பாலைவன வெயிலில் மஞ்சளித்து உரியத் தொடங்கும். நீர்ப்புகாத் தன்மை பற்றிய அறிவிப்பையும் முழுமையாகப் படியுங்கள். பலவற்றில் பேனல் மட்டுமே மழையைத் தாங்கும். பின்புறப் பையில் உள்ள இணைப்புப் பெட்டி நனையக் கூடாது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

வளையும் தன்மையுள்ள மெல்லிய பேனல்களும் சந்தையில் உண்டு. வளைந்த கூரையில் ஒட்டுவதற்காக உருவானவை அவை. தினமும் தூக்கி வைப்பதற்கு ஏற்றவை அல்ல.

இந்தத் தேர்வில் எடைக்குப் பெரும்பாலோர் உரிய மதிப்புத் தருவதில்லை. பேனலைத் தினமும் வெளியே எடுத்து வைக்கப்போவது யார், அவரால் சிரமமின்றித் தூக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முதுகுவலி உள்ள ஒருவர் 400 வாட்டை ஒரே பெட்டியாக வாங்கினால், மூன்றாம் நாளிலிருந்து அது வண்டிக்குள்ளேயே கிடக்கும். இரண்டு 200 வாட், அல்லது நான்கு 100 வாட் என்று பிரித்து வாங்குவது அவருக்கு உதவும்; ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும்.

ஒட்டுச்சீட்டைப் படிப்பதும் பொய்யைப் பிடிப்பதும்

அச்சிட்ட வாட் என்பது சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும் 25 பாகை செல்சியஸ் செல் வெப்பமும் உள்ள ஆய்வக நிலையில் அளந்தது. கோடை வெயிலில் கறுத்த பேனலின் செல்கள் 65 பாகையை எட்டக்கூடும். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.35 விழுக்காடு வீதம் குறைந்தால், வெப்பத்தால் மட்டுமே 14 விழுக்காடு போய்விடும். பேனலுக்குப் பின்னால் காற்றோட்டம் இருக்கும்படி நிறுத்துவது இந்த இழப்பைக் கொஞ்சம் குறைக்கும்.

இணையக் கடைகளில் வாட் எண்ணிக்கையை மிகைப்படுத்தி விற்பவர்கள் உண்டு. அவர்களைப் பிடிக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. இன்று கிடைக்கும் நல்ல ஒற்றைப்படிகச் சிலிக்கன் பேனலின் திறன் 20 முதல் 23 விழுக்காடு. முழு வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1000 வாட் ஒளி விழுகிறது. ஆகவே ஒரு சதுர மீட்டர் பேனல் அதிகபட்சம் 230 வாட் தரும். விரித்த நிலையில் பேனலின் நீள அகலத்தை மீட்டரில் பெருக்கிப் பாருங்கள். 200 வாட் பேனலுக்குக் குறைந்தது 0.87 சதுர மீட்டர் வேண்டும். மடிப்புப் பேனலில் துணி ஓரமும் தையல் இடைவெளியும் சேர்வதால் இன்னும் கூடுதலாகவே இருக்கும். அரைச் சதுர மீட்டர் பேனலில் 200 வாட் என்று அச்சிட்டிருந்தால் அதை வாங்க வேண்டாம். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

ஒட்டுச்சீட்டில் இன்னும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, திறந்த சுற்று மின்னழுத்தம்: எதனோடும் இணைக்காதபோது பேனல் காட்டும் வோல்ட். 100 வாட் பேனல்கள் பலவற்றில் இது 22 வோல்ட் அளவில் இருக்கும். மற்றொன்று, குறுக்குச் சுற்று மின்னோட்டம்: பேனலின் இரு முனைகளையும் நேரடியாகச் சேர்த்தால் ஓடும் ஆம்பியர். இது 6 ஆம்பியர் அளவில் இருக்கும். முதல் எண் கருவிகள் கருகாமல் காக்கவும், இரண்டாவது எண் ஃப்யூஸின் அளவைத் தீர்மானிக்கவும் உதவும்.

சார்ஜ் கன்ட்ரோலரும் அதற்கான இடமும்

பேனலை நேரடியாகப் பேட்டரியில் மாட்டக் கூடாது. பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் இடையில் இருந்தாக வேண்டும். அதில் இரு வகை உண்டு. பி.டபிள்யூ.எம். வகை பேனலின் மின்னழுத்தத்தைப் பேட்டரியின் அளவுக்கு இழுத்து இறக்கிவிடும். 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரக்கூடிய 100 வாட் பேனல் 13 வோல்ட்டில் அதே 5.5 ஆம்பியரைத் தந்தால் 72 வாட்தான் பேட்டரிக்குப் போகிறது. எம்.பி.பி.டி. வகையோ கூடுதல் மின்னழுத்தத்தைக் கூடுதல் மின்னோட்டமாக மாற்றித் தருவதால் இந்த இழப்பில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். பேனலுக்கான இடமும் எடையும் குறைவாக உள்ள ஆர்.வி.யில், எம்.பி.பி.டி.க்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண்போகாது. பேட்டரி லித்தியமா ஈய அமிலமா என்பதற்கேற்பக் கன்ட்ரோலரில் அமைப்பை மாற்றும் வசதியும் இருக்க வேண்டும்.

கன்ட்ரோலரை எங்கே வைப்பது என்பது அதன் வகையைப் போலவே முக்கியமானது. விற்பவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சூட்கேஸ் பேனல்கள் பலவற்றில் கன்ட்ரோலர் பேனலின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். அங்கிருந்து பத்து மீட்டர் கம்பி வழியாகப் பேட்டரிக்கு மின்சாரம் போகும்போது வழியில் மின்னழுத்தம் குறைகிறது. கன்ட்ரோலரோ தன்னிடத்தில் உள்ள உயர்ந்த வோல்ட்டைப் பார்த்து, பேட்டரி நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று எண்ணி, சார்ஜைக் குறைத்துவிடுகிறது. பேட்டரி பாதி வயிற்றோடு நிற்கும். இதற்குத் தீர்வு, கன்ட்ரோலரை வண்டிக்குள் பேட்டரிக்கு மிக அருகில் வைத்து, நீளக் கம்பி முழுவதையும் பேனல் பக்கத்தில் ஓடவிடுவது. கன்ட்ரோலர் இல்லாத பேனலாக வாங்கி, கன்ட்ரோலரைத் தனியே வாங்கிப் பொருத்துவதே நல்லது.

கூரையில் பேனலும் கன்ட்ரோலரும் ஏற்கெனவே இருந்தால், தரைப் பேனலுக்குத் தனிக் கன்ட்ரோலர் போடுங்கள். வேறு வேறு கோணத்தில், வேறு வேறு மின்னழுத்தத்தில் வேலை செய்யும் பேனல்களை ஒரே கன்ட்ரோலரில் கலந்தால் இரண்டில் ஒன்று மற்றதைக் கீழே இழுக்கும். இரு கன்ட்ரோலர்கள் ஒரே பேட்டரியில் சேர்வதில் தவறில்லை.

கம்பியின் தடிமனும் இணைப்பான்களும்

200 வாட் பேனல் 18 வோல்ட்டில் ஏறத்தாழ 11 ஆம்பியர் தருகிறது. பேனல் பத்து மீட்டர் தள்ளி இருந்தால் போக வர இருபது மீட்டர் செம்புக்கம்பி வழியே அது ஓட வேண்டும். பலர் கைக்குக் கிடைத்த 14 கேஜ் கம்பியைப் போடுகிறார்கள், அதில் 1.8 வோல்ட், அதாவது பத்தில் ஒரு பங்கு, கம்பியைச் சூடாக்குவதிலேயே போய்விடும். 5 சதுர மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமான 10 கேஜ் கம்பியில் இழப்பு 0.7 வோல்ட்டாகக் குறையும். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இரண்டு 100 வாட் பேனல்களைத் தொடர் இணைப்பில் மாட்டினால் மின்னழுத்தம் இரட்டிப்பாகி மின்னோட்டம் பாதியாவதால் கம்பி இழப்பு விழுக்காடு நான்கில் ஒன்றாகிவிடும். ஆனால் இதற்கு எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும்.

இணைப்பான்களில் பெருங்குழப்பம் நிலவுகிறது. பேனல் பக்கத்தில் எம்சி4, வண்டியின் பக்கவாட்டில் எஸ்.ஏ.இ., சில இடங்களில் ஆண்டர்சன், பேட்டரி அடங்கிய பெட்டிகளான பவர் ஸ்டேஷன்களில் எக்ஸ்டி60 அல்லது வட்ட முனை என்று வகைவகையாக உள்ளன. ‘சோலார் ரெடி’ என்று விற்கும் வண்டிகளின் எஸ்.ஏ.இ. துளையில் நேர்முனையும் எதிர்முனையும் எல்லா வண்டிகளிலும் ஒரே பக்கம் இருப்பதில்லை. மல்டிமீட்டர் வைத்து முனைகளைச் சோதிக்காமல் மாட்டவே மாட்டாதீர்கள்; முனை மாறியிருந்தால் அதற்கென்றே விற்கும் சிறிய மாற்றி ஒன்றை வாங்கி இடையில் செருகினால் போதும். அந்தத் துளைக்குப் பின்னால் கம்பி எங்கே போகிறது, அங்கே கன்ட்ரோலர் இருக்கிறதா, நேரே பேட்டரிக்குப் போகிறதா என்பதையும் கண்டறிந்த பிறகே பேனலை இணைக்க வேண்டும்.

கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் இடையே, பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில் ஃப்யூஸ் இருக்கட்டும். இணைக்கும்போது முதலில் பேட்டரியைக் கன்ட்ரோலரோடு சேர்த்து, பிறகு பேனலைச் சேர்க்க வேண்டும். பிரிக்கும்போது பேனலை முதலில் எடுக்க வேண்டும். வெயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது எம்சி4 இணைப்பானைப் பிரித்தால் தீப்பொறி பறக்கும். முன்னதாகப் பேனலைத் துணியால் மூடிவிடுங்கள், அல்லது குப்புறக் கவிழ்த்துவிடுங்கள்.

பவர் ஸ்டேஷன் வைத்திருப்பவர்களுக்கு

பேட்டரி, கன்ட்ரோலர், இன்வெர்ட்டர் மூன்றும் ஒரே பெட்டியில் அடங்கிய பவர் ஸ்டேஷன் இருந்தால் வேலை எளிது. ஆனால் அது ஏற்கும் அதிகபட்ச மின்னழுத்தத்தை மீறக் கூடாது. சிறிய பெட்டிகள் பலவற்றில் வரம்பு 28 அல்லது 30 வோல்ட். அதில் 22 வோல்ட் பேனல்கள் இரண்டைத் தொடராக மாட்டினால் 44 வோல்ட் பாய்ந்து பெட்டி பழுதாகும். பக்க இணைப்பில்தான் மாட்ட வேண்டும். பெரிய பெட்டியிலும் குளிரைக் கணக்கில் கொள்ளுங்கள். வெப்பம் குறைந்தால் பேனலின் மின்னழுத்தம் உயரும். உறைநிலைக்குக் கீழே 10 பாகையில் அந்த 44 வோல்ட் 48ஐ எட்டிவிடும். வரம்புக்கும் பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தத்துக்கும் இடையே 15 விழுக்காடாவது இடைவெளி வைப்பது நல்லது.

களத்தில் நிறுத்துவது

அமெரிக்காவில் பேனல் தெற்கு நோக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் வடக்கு நோக்க வேண்டும். சாய்வைச் சரிபார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு பென்சிலைப் பேனலின் மேல் செங்குத்தாகப் பிடியுங்கள். நிழல் விழாமல் மறையும் வரை பேனலைத் திருப்பிச் சாய்த்தால், அது சூரியனை நேராகப் பார்க்கிறது என்று பொருள். காலை, நண்பகல், பிற்பகல் என மூன்று முறை திருப்பினாலே உற்பத்தி நன்றாகக் கூடும். வெளியே கிளம்பும் நாளில் தெற்கு நோக்கி வைத்துவிட்டுப் போகலாம்.

நிழல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பேனலுக்குள் செல்கள் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரே ஒரு செல்லின் மேல் விழும் கள்ளிச்செடியின் நிழலோ, கொடிக்கயிற்றில் தொங்கும் துண்டின் நிழலோ பாதி பேனலை முடக்கிவிடும். காலையில் நிழலில்லாத இடம் பிற்பகலில் வண்டியின் நிழலுக்குள் வரக்கூடும்; வைப்பதற்கு முன் சூரியன் போகும் பாதையை ஒருமுறை மனத்துக்குள் ஓட்டிப் பாருங்கள்.

பாலைவனக் காற்று முன்னறிவிப்பின்றி எழும். துணிப் பேனலின் மூலைக் கண்ணிகளில் முளையடித்துக் கட்டுங்கள். சூட்கேஸ் பேனலின் கால்களில் தண்ணீர்க் குடுவையையோ மணல் பையையோ தொங்கவிடுங்கள். பலத்த காற்று வரும்போது மடக்கி உள்ளே வைப்பது மட்டுமே பாதுகாப்பு. களவுக்கு அஞ்சினால் சட்டத்தின் துளை வழியே எஃகுக் கம்பிப் பூட்டு ஒன்றைக் கோத்து வண்டியின் இழுவைச் சட்டத்தோடு பூட்டலாம். தூசியை வாரம் ஒருமுறை ஈரத்துணியால் மெல்லத் துடைத்தால் போதும். காய்ந்த மணலோடு தேய்த்தால் படலத்தில் கீறல் விழும்.

பயணத்துக்கு முன் ஒரு சோதனை

பேனல் வந்து சேர்ந்ததும், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், வீட்டு முற்றத்தில் வைத்துச் சோதித்துவிடுங்கள். மேகமில்லாத நாளில், நண்பகல் வாக்கில், பேனலைச் சூரியனுக்கு நேராக நிறுத்தி, முதலில் எதனோடும் இணைக்காமல் மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளவிடுங்கள். ஒட்டுச்சீட்டில் உள்ள திறந்த சுற்று மின்னழுத்தத்துக்கு ஓரிரு வோல்ட் குறைவாக இருந்தால் கவலை வேண்டாம். அடுத்து, பாதி இறங்கிய பேட்டரியோடு கன்ட்ரோலர் வழியாக இணைத்து, கன்ட்ரோலர் காட்டும் வாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி நிரம்பியிருந்தால் கன்ட்ரோலரே மின்சாரத்தைத் தடுத்துவிடும் என்பதால் இறங்கிய பேட்டரி அவசியம். 200 வாட் பேனல் 150 முதல் 170 வாட் வரை காட்டினால் அது நேர்மையான பேனல். நல்ல வெயிலில் 120ஐத் தாண்டவில்லை என்றால் முதலில் இணைப்பான்களையும் கம்பியையும் சரிபாருங்கள், பிறகு குட்டையான கம்பியில் மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் எண் உயரவில்லை என்றால் அளவுகளைப் படமெடுத்து இணைத்துப் பேனலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.